உள்ளங்கைக் கணினிகளும் தமிழெழுத்தும்

ஜொகூர் மாநிலத்தில் கூலாய்க்கு வடக்கே உள்ள செடெனாக்கை நாம் நெடுங்காலம் தோட்டத்து ஊர் என்றே அறிந்திருந்தோம். முதலில் பால்மரம், பின்னர்ச் செம்பனை. இப்பொழுதோ அப்பெயரைச் சொன்னால் தரவு மையங்களே பலர் நினைவுக்கு வருகின்றன. செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா என்று பெயரிட்டு, சாளரமில்லாத பெருங்கட்டடங்களை வரிசையாக எழுப்பியிருக்கின்றனர். உலகின் எங்கெங்கோ இருப்பவர் எழுதுவனவும் பேசுவனவும் வந்து தங்கும் களஞ்சியங்கள் அவை. அங்குக் காவற்பணி பார்க்கும் இளைஞர் ஒருவர், என் முன்னாள் மாணவர், அண்மையில் வீட்டிற்கு வந்திருந்தார். மேசை அறையைத் திறந்தபோது உள்ளே கிடந்த சிறு பொறிகளைக் கண்டு, “இதெல்லாம் என்ன சார், கால்குலேட்டரா?” என்று வினவினார். கணினிகள் என்றேன். நம்பாமல் சிரித்தார். பிறகு, “இதில் எது சார் நல்லது?” என்றார்.

எளிய வினாத்தான். ஆனால் விடை கூறப் புகுந்தபோது அஃது அவ்வளவு எளிதன்று என்று தெரிந்தது. விற்பனை செய்வோர் வேகத்தைச் சொல்வர். பொறியியல் வல்லார் நினைவகத்தைச் சொல்வர். ஒரு பொருளை ஆண்டுக் கணக்கில் வைத்திருந்தவன் சொல்வது வேறு. நான் வைத்திருந்த பொறிகளுள் தமிழை மிக அழகாகக் காட்டிய ஒன்று, நான் எழுதிய தமிழைக் கெடுத்தது. தமிழில் ஓர் எழுத்தையும் காட்ட அறியாத ஒன்று, எழுதியதை எழுதியபடியே காத்துத் தந்தது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதைத் தமிழாசிரியர்கள் அறிந்து வைத்திருப்பது நலம் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

இப்பொறிகளின் வரலாற்றைச் சிறிது காண்போம். இலண்டனில் 1980-ஆம் ஆண்டு டேவிட் பாட்டர் என்பவர் தொடங்கிய சயான் என்னும் நிறுவனம், 1984-இல் ‘ஆர்கனைசர்’ என்ற கைப்பொறியை வெளியிட்டது. அதன் திரையில் ஒரே வரி. அவ்வரியில் 16 எழுத்துகள். விசைகள் ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையிலேயே அமைந்திருந்தன. எழுதியதைச் சேமிக்கும் சிறு பெட்டி ஒன்று அதனுள் செருகப்பட்டது. அப்பெட்டியில் எழுதியதை அழிக்க வேண்டுமானால், பெட்டியைக் கழற்றிப் புற ஊதாக் கதிரில் காட்டியாக வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் பேட்டரி தீர்ந்தாலும் அப்பெட்டியில் எழுதியது போகாது. பின்னர் வந்த விலையுயர்ந்த பொறிகள் பலவற்றிற்கு இந்தப் பண்பு இல்லாமற்போயிற்று.

1989-இல் அட்டாரி நிறுவனத்தின் ‘போர்ட்ஃபோலியோ’ வந்தது. புத்தகம்போல் விரியும் அதன் திரையில் எட்டு வரிகள் இருந்தன. 1991-இல் சயான் ‘சீரீஸ் 3’ என்ற பொறியையும், அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கார்டு (எச்.பி. என்று வழங்குவது) ‘95எல்.எக்ஸ்.’ என்பதையும் வெளியிட்டன. 1993-இல் சீரீஸ் 3ஏ, 1994-இல் எச்.பி. 200எல்.எக்ஸ். ஆப்பிளின் ‘நியூட்டன்’ 1993-இல் வந்து 1998-இல் கைவிடப்பட்டது. எழுத்தாணியால் எழுதிய கையெழுத்தைத் தானே படித்துக்கொள்ளும் என்று அதனைப் பற்றிப் பெரிதாகச் சொன்னார்கள். அது படித்த அழகைக் கேலிச்சித்திரக்காரர்கள் ஊரறியச் செய்தனர். 1996-இல் ‘பைலட்’ வந்தது. பிற்காலத்தில் ‘பாம்’ என்ற பெயரால் உலகெங்கும் பரவியது இதுவே. வண்ணத்திரைப் பொறிகள் அதன்பின் பெருகின.

இவற்றில் எனக்கு என்ன வேலை? நான் பள்ளியில் பணியேற்ற காலத்தில் தோட்டங்கள் கலையத் தொடங்கியிருந்தன. லயத்து வீடுகள் காலியாயின. அங்கு வழங்கிய சொற்களும் உடன் போயின. பெரட்டு, கிராணி, மண்டோர், ஆயக்கொட்டகை, ஒட்டுப்பால், மங்கு, நிரை, காண்டா வாளி ஆகிய சொற்களை அகராதிகளில் தேடினால் சிலவே கிடைக்கும். கிடைத்தாலும் தோட்டத்துப் பொருள் கிடைக்காது. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கமே பெரட்டு. காண்டா என்பது தோளில் சுமக்கும் தடியைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் வழி வந்தது. முதியவர்கள் இருக்கும்போதே இச்சொற்களைக் கேட்டு எழுதிவிட வேண்டும் என்று முனைந்தேன். நோட்டுப் புத்தகம் மழையில் நனைந்தது. எழுதிய சொல்லைப் பிறகு தேடிப் பிடிக்கவும் இயலவில்லை. அந்நிலையில், 1995-இல் சிங்கப்பூர் சென்றிருந்தபோது, ஒருவர் பயன்படுத்திக் கைமாற்றிய 200எல்.எக்ஸ். ஒன்றை வாங்கினேன். வீட்டில் அதற்காகக் கேட்ட வசவு தனிக்கதை.

அப்பொறியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மேசைக் கணினிகளில் அக்காலத்தில் ஓடிய எம்.எஸ். டாஸ் என்னும் இயக்கமுறையே அதனுள்ளும் ஓடியது. திரையில் 25 வரி. வரிக்கு 80 எழுத்து. கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பேட்டரி இரண்டு போட்டால் சில வாரம் உழைக்கும். அப்பேட்டரிகளை மாற்றும் நேரத்தில் உள்ளிருப்பவை அழியாமல் காக்க, காசு வடிவிலான மற்றொரு சிறு பேட்டரியும் உண்டு. சிறு அட்டை ஒன்றைப் பக்கவாட்டில் செருகி, எழுதியவற்றை அதில் பெயர்த்து எடுத்துக்கொள்ளலாம். செம்பனைக் காட்டோரம் ஒரு கல்லின்மேல் அமர்ந்து, மின்சாரமும் மேசையும் இன்றி வேலை செய்ய இதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை. குறை ஒன்றுதான்: அதற்குத் தமிழ் தெரியாது.

ஏன் தெரியாது என்பதை விளக்குவேன். அத்திரையில் ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய கட்டம், அகலத்தில் 8 புள்ளியும் உயரத்தில் 8 புள்ளியும் கொண்டது. ஆங்கில எழுத்து அதற்குள் அடங்கிவிடும். நம் ணகரத்தையோ ஔகாரத்தையோ அதற்குள் அடக்கிப் பாருங்கள். அன்றியும், எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பது நம் நெடுங்கணக்கிற்குப் பொருந்தாத விதி. ரகரத்தின் அகலமும் ணகரத்தின் அகலமும் எங்கே ஒன்றாகும்? மேலும் கொகரத்தை நோக்குங்கள். ஒரே எழுத்துத்தான்; ஆயினும் வடிவில் மெய்க்கு முன்னே கொம்பு, பின்னே கால் என இருபுறமும் பரவி நிற்கிறது. ‘க்’ முன், ‘ஒ’ பின் என்பது ஒலிமுறை. எழுதும் முறையோ வேறு. இவ்வேறுபாட்டைப் பொறிக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

இயலாத செயல் என்றும் சொல்வதற்கில்லை. ஜப்பானியர் இதே பொறியை வாங்கி, அதன் வரைகலை முறையைக் கையாண்டு, ஆயிரக்கணக்கான தங்கள் எழுத்துகளைத் தாங்களே அதில் ஏற்றினர். நிறுவனம் செய்து தரவில்லை; பொறியை வைத்திருந்தவர்கள் கூடிச் செய்தனர். தமிழிலும் மேசைக் கணினிக்கு அத்தகைய உழைப்பு அக்காலத்திலேயே நடந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றப் பாடுபட்டார். கைப்பொறிக்கு அவ்வாறு ஒருவர் அன்று எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினேன்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் ஒலிபெயர்ப்பு முறை ஒன்று உண்டு. ஆனால் அதில் எழுத்தின் மேலே கோடும் கீழே புள்ளியும் வேண்டும். என் பொறியின் விசைப்பலகையில் அவை இல்லை. எனவே ஆங்கிலச் சிற்றெழுத்து எல் என்றால் லகரம், பேரெழுத்து எல் என்றால் ளகரம், இசட் என்றால் ழகரம் என வைத்துக்கொண்டேன். றகரத்துக்கும் ணகரத்துக்கும் அவ்வாறே பேரெழுத்து. நகரத்துக்கு மட்டும் டபிள்யூ. கணினித் தமிழில் பிறரும் இதனையொத்த முறையைக் கையாண்டு வந்தனர். நான் புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று எண்ண வேண்டா. அவசரத்தில் பேரெழுத்தை அழுத்த மறந்தால் வேடிக்கை விளையும். ஓரிடத்தில் ‘காண்டா வாலி’ என்று பதிந்திருந்தேன். கிட்கிந்தையின் அரசன் தோட்டத்தில் பால் சுமந்ததாக ஆயிற்று.

இதற்கிடையே நண்பர் ஒருவரிடமிருந்து சயான் 3ஏ ஒன்று சில மாதம் என் கையில் இருந்தது. எழுதுவதற்கு அதன் மென்பொருள் எச்.பி.யினும் இனியது என்பேன். அகரவரிசையில் குறிப்புகளை அடுக்குவதில் அதற்கு நிகரில்லை. குரலைப் பதிவு செய்யும் வசதியும் அதில் இருந்தது. முதியவர் சொல்வதை அவர் குரலிலேயே பிடித்துவிடலாம் என்று மகிழ்ந்தேன். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு நொடிப் பேச்சுக்கு ஏறத்தாழ 8 கிலோபைட்டு. ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மெகாபைட்டு. பொறியின் மொத்த நினைவகம், வகைக்கேற்ப, கால் மெகாபைட்டிலிருந்து இரண்டு மெகாபைட்டு வரைதான். பாட்டி ஒருவர் ‘அந்தக் காலத்திலே’ என்று தொடங்கி மூச்சு வாங்குவதற்குள் இடம் தீர்ந்துவிடும்.

பைலட் வகையைப் பற்றித் தமிழாசிரியர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனை ஆக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், பொறி உருவாகும் முன்னரே, அதே அளவில் மரத்துண்டு ஒன்றைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார் என்பர். எந்த அளவு கைக்கு ஏற்றது என்று அறிவதற்காக. அவர் செய்த மற்றொரு முடிவும் துணிவானது. கையெழுத்தைப் பொறி கற்க வேண்டும் என்று நியூட்டன் முயன்று இடறிற்று. இவரோ, மனிதன் தன் எழுத்தைச் சிறிது மாற்றிக்கொள்ளட்டும் என்றார். ‘கிராஃபிட்டி’ என்ற அம்முறையில் ஆங்கில எழுத்துகளைப் பெரும்பாலும் கையெடுக்காமல் ஒரே கோட்டில் இழுக்க வேண்டும். ஆங்கிலத்தின் முதலெழுத்துக்குக் குறுக்குக் கோடு இல்லை. கூரை மட்டும் போட்டால் போதும். அரை நாளில் பழகிவிடலாம். 26 எழுத்துக்கு அது சரி. நம் 247-க்கும் கோடு வகுப்பது எங்ஙனம் என்று அன்று ஓய்வு நேரத்தில் தாளில் போட்டுப் பார்த்ததுண்டு. உயிருக்குப் பன்னிரண்டு, மெய்க்குப் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என்று முப்பத்தொரு கோடுகள் போதும். உயிர்மெய்யைப் பொறியே கூட்டிக்கொள்ளட்டும் என்று தோன்றியது. தொல்காப்பியர் முதலெழுத்து முப்பது என்று வகுத்த அருமை அன்றுதான் எனக்கு நன்கு விளங்கிற்று. 299 அமெரிக்க வெள்ளி விலையிட்டு வந்த முதற் பைலட்டின் நினைவகமோ 128 கிலோபைட்டுத்தான். ஆயினும் மாணவர் வருகைக்கும் நாட்குறிப்புக்கும் அதைப்போல் விரைவான பொறியை நான் பின்னரும் கண்டதில்லை, தொட்டவுடன் விழிக்கும்.

2000-ஆம் ஆண்டில் காம்பாக் நிறுவனத்தின் ஐபாக் வந்தது. விலை 499 வெள்ளி. 206 மெகாஹெர்ட்சு வேகத்தில் ஓடும் சில்லு, வண்ணத்திரை. அதே காலத்தில், அதே இனத்துச் சில்லைக் கொண்டு, முற்றிலும் வேறு நோக்கத்துடன் பெங்களூரில் ஒரு பொறி உருவாயிற்று. அதுவே சிம்பியூட்டர். இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களான சுவாமி மனோகர், விஜய் சந்துரு, வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தாரும் கூடி அமைத்த அறக்கட்டளையின் முயற்சி அது. எழுத்தறியாதவரும் பயன்படுத்துமாறு, இந்திய மொழிகளில் காட்டவும் வாய்விட்டுப் படிக்கவும் வல்லதாக அதனை வகுத்தனர். ஒரு கிராமத்திற்கு ஒரு பொறி. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டை. அட்டையைச் செருகினால் அவரவர் குறிப்பு. தோட்டத்து ஆயக்கொட்டகையில் இப்படி ஒன்று இருந்திருக்கலாகாதா என்று ஏங்கினேன். 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் துணையுடன் ‘அமிடா’ என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. விற்பனை எதிர்பார்த்த அளவில் அமையவில்லை. சுரங்கத் தாதுப் போக்குவரத்து, சிறுகடன் கணக்கு ஆகிய சில துறைகளிலேயே பயன்பட்டது. கைப்பேசி மலிந்துகொண்டிருந்த நேரத்தில் அது வந்து சேர்ந்ததே முதற் காரணம் என்பது என் எண்ணம்.

வண்ணத்திரைப் பொறி ஒன்று எனக்கும் வாய்த்தது. எந்த நிறுவனத்தது என்பது ஈண்டு வேண்டா. அதில் எழுத்துருக் கோப்பைப் படியெடுத்துப் போட்டால் தமிழ் தெரிந்தது. முதன்முதலாக ‘பெரட்டு’ என்ற சொல் தமிழெழுத்தில் என் கைக்குள் ஒளிர்ந்தபோது, உண்மையாகவே கண் கலங்கினேன். அந்த மகிழ்ச்சியில் ஈராண்டுகள் அதிலேயே எழுதினேன். முதற் கேடு பேட்டரியால் வந்தது. அக்காலக் கைப்பொறிகள் பலவும், எழுதியதை மின்சாரம் உள்ளவரையே நினைவில் வைக்கும். பள்ளி விடுமுறையில் மின்னேற்ற மறந்து ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பொறி கடையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல் வெறுமையாக இருந்தது. நல்வேளையாக ஒரு படி மேசைக் கணினியில் இருந்தது. மின்சாரம் போனாலும் அழியாத சேமிப்பு இவ்வகைப் பொறிகளில் வழக்கமானது 2004, 2005-க்குப் பின்னரே.

இரண்டாவது கேடு நுட்பமானது. அதைப் புரிந்துகொள்ளக் கணினியின் உள்ளே சிறிது நோக்க வேண்டும். கணினி எழுத்தை எழுத்தாக வைப்பதில்லை, எண்ணாக வைக்கிறது. ஆங்கில எழுத்துகளுக்கு இன்ன எண் என்பதை 1963-இல் ஆஸ்கி என்ற தரத்தால் வரையறுத்தனர். உலகின் பொறிகள் பெரும்பாலும் அதனை ஏற்றன. பழைய முறையில் மொத்தம் 256 இடங்கள், முற்பாதி ஆங்கிலத்துக்கு, பிற்பாதி 128 இடங்களில் தமிழை வைத்தனர். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதில் எழுத்துருவாக்கியோர் ஒருவரோடொருவர் ஒத்துப்போகவில்லை. தகுதரம் என்ற டிஸ்கி, தமிழ்நாட்டரசு 1999-இல் அறிவித்த டாப், டாம் ஆகியன பின்னர் ஒழுங்கு செய்தன. எனினும் அவற்றிற்கும் உட்படாத எழுத்துருக்கள் பல வழங்கின. ஒரு வகையில் கொம்பாக இருந்த எண் மற்றொரு வகையில் ணகரமாக இருக்கும். 1991-இல் வெளிவந்த யூனிகோடு, தமிழுக்கென உலகப் பொது இடத்தைத் தந்தது உண்மை. ஆனால் மேசைக் கணினியில் விண்டோஸ் அதனைத் தமிழுக்கு ஏற்றது 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். கொம்பை மெய்க்கு முன் நகர்த்திக் காட்டும் ஏற்பாடு அக்காலக் கைப்பொறிகளில் இல்லை. ஆதலால் நான் கையில் கிடைத்த ஓர் எழுத்துருவில் எழுதிக்கொண்டே போனேன். அதன் பெயரைக் குறித்து வைக்கவில்லை, கோப்பையும் காக்கவில்லை. குற்றம் என்னுடையதே.

சில ஆண்டுகள் கழித்துப் புதிய கணினியில் அவ்வேட்டைத் திறந்தபோது, ஐரோப்பிய எழுத்துகளும் நாணயக் குறிகளும் மேற்கோள் குறிகளுமாகப் பக்கம் பக்கமாக நின்றன. தமிழ் அதனுள்தான் இருந்தது. படிக்கும் சாவி இல்லை.

மாறாக, 200எல்.எக்ஸ். பொறியில் ஆங்கில எழுத்தில் எழுதியவற்றை அட்டையிலிருந்து எடுத்தால் இன்றும் எந்தக் கணினியும் படிக்கிறது. பழைய மாணவர் ஒருவர், அந்த எழுத்துப்பெயர்ப்பை யூனிகோடுத் தமிழாக மாற்றும் சிறு நிரல் எழுதித் தந்தார். ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்தது. தவறு நகர னகரத்தில் மட்டுமே பெருகிற்று. நகரத்துக்கு டபிள்யூ இடுவதைப் பலவிடங்களில் விட்டுவிட்டிருந்தேன். சொல் முதலிலும் தகரத்துக்கு முன்னும் நகரம், ஏனையவிடத்தில் னகரம் என்று நிரலுக்கு விதி கூறினோம். பெரும்பாலும் பொருந்திற்று, வெந்நீர் மட்டும் ‘வென்னீர்’ ஆயிற்று, முந்நூறு ‘முன்னூறு’ ஆயிற்று. புணர்ச்சி இலக்கணம் அறிந்தவர் அவற்றைத் திருத்த ஒரு மணி நேரம் போதும்.

சாவி தொலைந்த ஏட்டுக்கும் ஒரு வழி பிறந்தது. எப்பொழுதோ அச்சிட்ட ஒரே ஒரு தாள், பாடநூல் ஒன்றின் நடுவே அகப்பட்டது. அத்தாளில் தமிழ், கணினியில் அதே பக்கம் குறிகளாக. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்ன குறி இன்ன எழுத்து என்று பட்டியலிட்டேன். கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள் என்பதும், கொம்பு மெய்க்கு முன்னே பதிவாகியிருக்கிறது என்பதும் தெரிந்தபின் வேலை எளிதாயிற்று. மாற்றும்போது கொம்பைப் பின்னே தள்ள வேண்டும், அவ்வளவே.

கைப்பொறியில் தமிழ் எல்லார்க்கும் எட்டியது கைப்பேசியின் வழியாகத்தான். முத்து நெடுமாறனின் செல்லினம், 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் வானொலியின் துணையோடு அறிமுகமாயிற்று. தமிழ் தெரியாத கைப்பேசியில் தன் எழுத்தைத் தானே கொண்டு சென்று காட்டிற்று. இன்று யூனிகோடே எங்கும் வழங்குவதால் எழுத்துரு தொலைந்தாலும் எழுத்து தொலையாது.

மாணவர் கேட்ட வினாவுக்கு வருவோம். எழுதுவதற்கு இனியது சயான், விரைவுக்குப் பைலட், நெஞ்சை மகிழ்வித்தது வண்ணத்திரை. ஆனால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் 200எல்.எக்ஸ். பொறியையே எடுப்பேன். இப்பொறிகள் எவரிடமேனும் இருப்பின், முதலில் பேட்டரிகளைக் கழற்றிவிடுக; கசிந்து உள்ளுறுப்பை அரித்துவிடும். அதற்கும் முன்னர், உள்ளிருப்பதை வெறும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்துவிடுக. எழுத்துருவில் எழுதியிருந்தால், ஒரு பக்கத்தையேனும் அச்சிட்டு அதனுடன் சேர்த்து வைக்க வேண்டும்.

என் ஏட்டில் இன்னும் ஏழு குறிகள் விளங்கவில்லை. அகப்பட்ட தாளில் அவ்வெழுத்துகள் வராமற்போனதே காரணம். அவை வரும் சொற்களுள் ஒன்று, பால் உறைவதைக் குறிக்க ஒரு மூதாட்டி சொன்னது என்பது மட்டும் பக்கத்துக் குறிப்பால் தெரிகிறது. முதலெழுத்துப் பகரம், இறுதி னகரம். இடையிலுள்ள இரண்டு எழுத்துகளை அறிந்தோர் தெரிவிப்பின் நன்றியுடையேன்.